அனுப்பியவர்: மோகனா

ஆம்பூர்,
12 நவம்பர் 2024

திரு. கார்முகிலன் அவர்களுக்கு,

இதைத் தாளில் எழுதுகிறேன். மின்னஞ்சல் போட்டால் நீங்கள் நடத்தும் சர்வரில் ஏறி இறங்கித்தான் வரும். போனில் பேசினால் சமாதானம் சொல்லிவிடுவீர்கள். இரண்டும் எனக்கு இப்போது வேண்டாம்.

மோகனாவைச் சனிக்கிழமை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஷூவின் மேல்தோலைத் தைக்கும் லைனில் வயசெல்லாம் உட்கார்ந்திருந்தவள். ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு ஒரு கட்டுத் தாளை மேசையில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் நம்முடைய ‘ஊசிமுனை’ மடற்குழுவுக்குப் பெண்கள் மின்னஞ்சலில் எழுதிய மடல்கள். பசை வாடை, கழற்றிக்கொண்டு போன எக்சாஸ்ட் ஃபேன், பாத்ரூம் போக வாங்க வேண்டிய டோக்கன், ஒன்றுவிடாமல்.

“இதெல்லாம் நீ எழுதினதாம்மா?”

“இல்ல மேடம். இதுல மூணோ நாலோ என்னுது. மத்தது எனக்குத் தெரியாது.”

“உன் பேரு இன்னா?”

“மோகனா.”

“மேல இன்னா போட்ருக்கு?”

“மோகனா.”

“அப்பறம் இன்னா?”

இவ்வளவுதான் விசாரணை. அதிலும் ஒரு மடலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஆகஸ்டில் பசை வாடையில் மயங்கி விழுந்த பெண்ணை வேனில் ஏற்றும் முன்னால், அன்று வேலைக்கே வரவில்லை என்று காட்ட, லீவு லெட்டரில் அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக்கொண்டார்கள் என்ற மடல். அதைப் பெயரில்லாமல் மொழிபெயர்த்து, ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளருக்கு அனுப்பியவள் நான். ஒரு ஆர்டர் நின்றது. அன்றிலிருந்து எழுதியவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

வாட்ஸ்அப் குழுவை எவளோ படம் பிடித்துக் கொடுத்துப் பெண்களுக்கு மெமோ வந்தபோது, மடற்குழுவுக்கு மாறச் சொன்னது நீங்கள். நம்பர் தெரியாது, பெயர் போட வேண்டாம், காப்பகத்துக்குப் பூட்டு இருக்கும் என்றீர்கள். அதை அப்படியே அந்தப் பெண்களிடம் என் வாயால் சொன்னேன்.

பூட்டின் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று என்னிடம், நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அக்டோபரில், ‘காப்பகத்துக்குப் புது மென்பொருள் பார்க்கிறேன்’ என்று ஒரு வரி எழுதினீர்கள். என்ன பார்த்தீர்கள், யாருக்குக் காட்டினீர்கள்? உங்கள் கம்பெனி, முகம் பார்த்து வருகை பதியும் ஆப்பை ஷூ தொழிற்சாலைகளுக்கு விற்பதும் எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலியை வெட்டுகிற அதே ஆப்.

கொடுத்தீர்களா, இல்லையா? ஒரு வரியில் பதில் போதும்.

எழிலரசி


அரக்கோணம்,
18 நவம்பர் 2024

எழில்,

‘திரு’வைப் பார்த்தேன். அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

கொடுக்கவில்லை. ஒரு வரி கேட்டீர்கள், அது இதுதான். மீதியைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

மடற்குழுவை ஓட்டும் பழைய இடம் டிசம்பரோடு மூடப்படுகிறது. காப்பகமும் அதோடு போகும். புது இடத்தில் பழைய மடல்களை அடுக்கிவைக்க ஒரு மென்பொருள் வேண்டும். மூன்றைப் பார்த்தேன். முதலாவது வெறும் பக்கங்களாக, மாத வாரியாக அடுக்கும். அழகில்லை, ஆனால் எந்தக் காலத்திலும் திறக்கும். இரண்டாவது, மடலை வந்தது வந்தபடி உறையோடு சேர்த்து வைக்கும். மூன்றாவது பார்க்க நன்றாக இருக்கும். போனில் படிக்கலாம், தமிழில் தேடலாம், அனுப்பியவரின் படம் பக்கத்தில் வட்டமாக வரும். நம் பெண்கள் போனில்தான் படிப்பார்கள் என்பதால் அந்த மூன்றாவதைச் சோதித்தேன். பூட்டித்தான் வைத்தேன்.

காப்பகமே வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னவன் நான். நீங்கள்தான் சண்டை போட்டீர்கள். ‘லைனில் ஒருத்தி உடம்பு கெட்டுப் போய்விடுகிறாள், அவள் ஸ்டூலில் புதியவள் வந்து உட்காருகிறாள், இந்தத் தலைவலி தனக்கு மட்டும் என்று நினைக்கிறாள். முன்னால் இருந்தவளுக்கும் இருந்தது என்று அவளுக்கு யார் சொல்வது’ என்று கேட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆப்பைப் பற்றி: ஆமாம், விற்கிறார்கள். அதில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. குடியாத்தத்தில் அப்பாவின் பவர்லூம் நின்ற பிறகு நான் எங்கே போய் நல்ல கம்பெனியைத் தேடுவது?

இப்போது என் கேள்வி. உங்கள் பெரியப்பா மகன் சம்பத் அதே தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறீர்கள். உங்கள் போனை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவீர்களா, மாட்டீர்களா?

அந்தத் தாள்களில் ஒன்றையாவது எனக்குக் காட்டுங்கள். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

கார்முகிலன்


ஆம்பூர்,
27 நவம்பர் 2024

கார்முகிலன்,

சம்பத் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட இல்லை. வாசலிலேயே நின்று கேட்டேன்.

“எழிலு, உன் குரூப்ப நான் எதுக்கு நோண்டணும்? கூகுள்ல கம்பெனி பேரப் போட்டா மொதல்லயே வருது. ஹெச்.ஆர். மேடம் டீ குடிச்சினு பாத்தாங்க.”

“பூட்டு போட்ருக்குன்னாங்க.”

“இன்னா பூட்டு? நானே பாத்தேன். மோகனா பேரத் தொட்டா மோகனா எழுதினது எல்லாம் வரிசையா நிக்குது. கல்யாண ஆல்பம் கணக்கா.”

“அப்பவே ஏண்ணா எனக்குச் சொல்லல?”

“சொன்னா, நீதான் காட்டிக்குடுத்தன்னு என்னையே சொல்லுவ. இப்ப மட்டும் இன்னா சொல்ல வந்த?”

அண்ணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நான் வந்துவிட்டேன். இனி அந்த வீட்டுக்குப் போக முடியுமா தெரியாது. அதற்கும் உங்களுக்கு நன்றி.

குற்றப்பத்திரிகையோடு மோகனாவுக்குக் கொடுத்த நகலில் ஒரு தாள் இத்துடன் இருக்கிறது. இடது பக்கத்தில் ‘மோ’ என்று வட்டம். பூட்டித்தான் வைத்தேன் என்று எழுதிய கையால் இதைப் பிடித்துப் பாருங்கள்.

ஆனால் வேறொன்றும் இருக்கிறது, அது என்னைத் தூங்கவிடவில்லை. கட்டு முழுவதும் மோகனா பெயரில்தான் இருக்கிறது. அவளோ தான் எழுதியது கொஞ்சம்தான் என்று சத்தியம் செய்கிறாள். எங்கள் தொழிலாளர் சங்கத்து அறையில் லைன் பெண்களை உட்காரவைத்துக் கேட்டேன். மோகனாவின் ஐடியில் எழுதினாயா என்று ஒவ்வொருத்தியையும் கேட்டேன். “ஐடின்னா இன்னாக்கா?” என்றார்கள், “நான் என் போன்லதான் எழுதினேன்” என்றார்கள். பொய் சொல்வது போலத் தெரியவில்லை. மோகனாவும் பொய் சொல்வது போலத் தெரியவில்லை. அப்படியென்றால் யாரோ ஒருத்தி சொல்கிறாள்.

கூட்டம் அசிங்கமாக முடிந்தது. மாட்டிக்கொண்டதும் கழற்றிவிடுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். மோகனா எழுந்துபோய் அவள் முந்தானையைப் பிடித்தாள். தொழிற்சாலையில் ஒரே பெஞ்சில் தைக்கிறவர்கள் இவர்கள்.

டிசம்பர் 26-ஆம் தேதி உள்விசாரணை. ஹெச்.ஆர். ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்: மற்றதை எழுதியது யார் யார் என்று மோகனா பெயர் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும். அவளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. நம்புகிறவர்தான் யாரும் இல்லை.

எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

எழிலரசி


அரக்கோணம்,
4 டிசம்பர் 2024

எழில்,

பூட்டவில்லை. சோதனைப் பக்கம்தானே, யாருக்கும் முகவரி தெரியாதே என்று திறந்தே போட்டிருந்தேன். சோதனைக்குப் பொய் மடல்கள் செய்து போட்டிருக்க வேண்டும். சோம்பலில் உண்மை மடல்களையே கொட்டினேன். கூகுள் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. போன கடிதத்தில் ‘பூட்டித்தான் வைத்தேன்’ என்று எழுதியபோது நான் அப்படித்தான் நம்பினேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். இப்போது இறக்கிவிட்டேன். மன்னிப்பு கேட்க வேண்டியது மோகனாவிடம். அதைக் கடிதத்தில் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அழிக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

ஒவ்வொரு மின்மடலுக்கும் நாம் படிக்கிற பகுதி போக ஓர் உறை உண்டு. எந்த வழியாக வந்தது, எந்த நெட்வொர்க், சில போன்களிலிருந்து வந்தால் எந்த மாடல் என்பது வரை அதில் இருக்கும். உறைகளைப் பிரித்துப் பார்த்தேன். குழுவில் நமக்கு மறைந்து வரும் முகவரி, உறையில் ஒன்றுதான், மோகனாவுடையது. ஆனால் போன்கள் பல. சம்பத் ஆல்பம் என்ற அந்த மூன்றாவது மென்பொருளுக்கு முகவரிதான் ஆள். அதனால் எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டது.

ஆக, மோகனா சொன்னது உண்மை. அதற்குச் சாட்சி என்னிடம் இருக்கிறது. அச்சடித்து அனுப்பட்டுமா? உறையைக் காட்டினால் அவர் அன்றே வேலைக்குத் திரும்பலாம்.

ஆனால் ஒரு முகவரி எப்படி இத்தனை போன்களுக்குள் போனது? பாஸ்வேர்டை மோகனாவே கொடுத்திருக்க வேண்டும், அல்லது யாரோ எடுத்திருக்க வேண்டும். உறுப்பினர்களைச் சேர்த்தது நீங்கள். ஒரே முகவரியை எல்லோருக்கும் போட்டுக்கொடுத்துவிட்டு இப்போது அழிக்கச் சொல்கிறீர்களோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

கார்முகிலன்


ஆம்பூர்,
10 டிசம்பர் 2024

கார்முகிலன்,

நீங்கள் நினைத்ததை மறைக்காததற்கு நான் கைதட்ட வேண்டுமா? இதற்கு எழுதுங்கள் என்று குழுவின் முகவரியை மட்டும்தான் அவர்களிடம் கொடுத்தேன்.

எல்லோரும் போன் எங்கே வாங்கினார்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோபி கடை. போனஸ் வரும்போது லைனே அங்கேதான் தவணையில் வாங்கும். மோகனாவையும் நிஷாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நிஷா அதே லைன். ஃபேன் கழற்றியதை எழுதியவள் தான்தான் என்று பிறகு சொன்னாள். கோபி ஒரு போனின் கண்ணாடியைச் சூடு காட்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஐடி இல்லாம போன் ஓடாதுக்கா. ஆப் எறங்காது. இவங்கள ஐடி சொல்லுன்னா பேந்தப் பேந்த முழிப்பாங்க. புதுசு போட்டா ஓடிபி வரல, பின்னாடி கஸ்டமர் வெய்ட்டிங்கு. மோகனாக்காது ரெடியா இருந்துச்சு, அதையே போட்டு உட்டேன்.”

“எத்தினி போன்ல?”

“போட்டுக்கினே இருந்தேங்கா. ஃப்ரீ சர்வீஸ்தான?”

மோகனா அவனை அடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் நிஷாவைத்தான் பார்த்தாள்.

“அனுப்பும்போது மேல மோகனான்னு வருதே, நீ பாக்கலயாடி?”

“பாத்தேன். வாட்ஸ்அப்னா வாட்ஸ்அப்னு வரும், மெயில்னா மோகனான்னு வரும்னு நெனச்சேன்.”

“மெயிலுக்கு எவனாவது மோகனான்னு பேர் வெப்பானா?”

“சோப்புக்கு வெக்கறான், ஊதுவத்திக்கு வெக்கறான். மெயிலுக்கு வெச்சா இன்னா?”

கோபி சிரித்துவிட்டான். நானும்தான். மோகனா சிரிக்கவில்லை. அவளும் தன் போனில் மற்றவர்கள் மடலைப் பார்த்திருக்கிறாள், குழுவிலிருந்து வந்தது என்று நினைத்திருக்கிறாள். இப்படித்தான் ஒரு லைனே ஒருத்தி பெயரில் எழுதிக்கொண்டிருந்தது. இவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் போட வேண்டாம், பத்திரம் என்று நாம் சொன்னோம். பெயர் போடாமல் எழுதினார்கள். பெயரை யார் போட்டது என்று பாருங்கள்: ஒரு கடைக்காரனின் அவசரமும் உங்கள் மென்பொருளும்.

தெருவுக்கு வந்ததும் மோகனா சொன்னாள்: “தலைவலி உங்க எல்லாருக்கும், வேலை போனது எனக்கா? ஆம்பூர்ல, பேரணாம்பட்டுல, எந்தக் கேட்டுல போய் நின்னாலும் மோகனான்னா உள்ள உடமாட்டான். எம் பேரு இன்னா சத்திரமா, வர்றவ போறவ எல்லாம் தங்கறதுக்கு?”

நிஷாவின் வீட்டுக்காரர் மேல்விஷாரத்தில் தோல் ஷெட்டில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

உறைகளை அனுப்பாதீர்கள். மோகனாவைக் காப்பாற்றுகிற அதே தாள் மற்றவர்களைப் பிடித்துக்கொடுக்கும். போன் மாடல் தெரிந்தால் போதும். கேட்டில் காவலாளி காலையில் எல்லோர் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டு டோக்கன் கொடுக்கிறான். யாருடையது எந்தப் போன் என்று அவனுக்குத் தெரியும்.

பெண்களே சொல்லும்வரை ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது. போகாது என்று உங்களை நம்ப முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எழிலரசி


அரக்கோணம்,
15 டிசம்பர் 2024

எழில்,

நேற்று என் மேனேஜர் தனியாக அழைத்தார். “ஒரு கிளையண்ட் கேக்கறாங்க கார்முகிலன், வெளில ஏதோ மெயில் குரூப் நடத்துறீங்களாமே? அவங்க ரெக்கார்ட்ஸ் கொஞ்சம் ஷேர் பண்ணா நல்லாருக்கும்னு பீல் பண்றாங்க” என்றார். பீல் பண்ணுகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

முதலில் என் பெயரை நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள் என்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால், ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘நிர்வாகி’ என்று என் முகவரி இருக்கிறது. மென்பொருள் தானாகப் போட்டது. மோகனா மாட்டிய அதே வலை. என்ன, எனக்குச் சம்பளம் இன்னும் வருகிறது.

புது மென்பொருளை மாத முடிவுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். போன தடவை கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை நீங்கள் சொல்லாமல் செய்ய மாட்டேன்.

முதலாவது மென்பொருள் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைக்கும். யாரையும் பிடிக்க முடியாது. மோகனாவை விடுவிக்கவும் முடியாது. பழைய இடம் மூடியதும் உறைகள் என்றென்றைக்கும் போய்விடும். இரண்டாவது, உறையோடு வைக்கும். அது இருக்கும்வரை எவனாவது கேட்டுக்கொண்டே இருப்பான்: என் மேனேஜரோ, வேறொருவரோ.

நான் நேற்றுவரை இரண்டாவது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது என் கையிலேயே அது இருக்க வேண்டுமா என்று பயமாக இருக்கிறது.

கார்முகிலன்


ஆம்பூர்,
28 டிசம்பர் 2024

கார்முகிலன்,

உங்கள் கடிதத்தை லைன் பெண்களுக்கு வாசித்துக்காட்டினேன். மேனேஜர் பகுதியையும்தான். “யோசிச்சி சொல்றேன்னு சொன்னாரா? நம்ம ஆளுங்கதான்” என்றாள் நிஷா. கிண்டலா, இல்லையா என்று தெரியவில்லை.

வேலூரில் வக்கீல் உமர் ஃபாரூக்கையும் பார்த்தேன். லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே மாடியில் ஆபீஸ். “கேஸ் வரும்னு தெரிஞ்சே அழிச்சா அது நம்ம மேலயே திரும்பும்மா. வெச்சுக்கோங்க. ஆனா யார் கைல வெக்கறீங்கன்னு பாருங்க” என்றார்.

26-ஆம் தேதி விசாரணை நடந்தது. நான் தொழிலாளி இல்லை என்று கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மோகனாவோடு நான்கு பேர் போனார்கள். மற்றவர்கள் வரவில்லை, நான் குறை சொல்லவில்லை. விசாரணை அதிகாரி கம்பெனி காசில் வந்த வெளி வக்கீல். நிஷா சொன்னபடி எழுதுகிறேன்.

“சார், ஃபேன் கழட்டினத எழுதினது நான்.”

“எந்த ஐடிலருந்து?”

“என் போன்லருந்து சார்.”

“ஐடி யாருதும்மா?”

“மோகனாது.”

“அப்ப மோகனா எழுதினது.”

“வெரலு என்னுது சார்!”

“ஐடி யாருதோ அவங்கதான் எழுதினது. பேப்பர்ல இருக்கறதுதான் நான் எழுத முடியும்.”

நான்கு பெண்கள் தங்கள் பிழைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார்கள். அந்த ஆள் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. மென்பொருள் சொன்னதை நம்புவான், உட்கார்ந்து தைத்தவள் சொன்னதை நம்பமாட்டான். ஜனவரி 10-க்குத் தள்ளிவைத்திருக்கிறான்.

வெளியே வந்த நான்கு பேரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள்: உறைகளைக் கொடுக்கலாம். அவரவர் மடலின் உறை மட்டும். வராதவர்கள் மடலைத் தொடக் கூடாது. மோகனாவும் சம்மதித்தாள். வந்து உட்காராதவள் பேரை ஸ்டூலில் எழுதக் கூடாது என்றாள்.

ஆக, இரண்டாவது மென்பொருள். ஆள் வாரியான பக்கம் கிடையாது, படம் கிடையாது, அடியில் யார் முகவரியும் கிடையாது. மடல்களைக் குழுவில் இருப்பவர்கள் படிக்கலாம், உறைகளைத் திறக்க மட்டும் இரண்டு சாவி வேண்டும், ஒன்று உங்களிடம், ஒன்று நிஷாவிடம். அவளில்லாமல் நீங்களும் திறக்க முடியாதபடி செய்யுங்கள். உங்கள் மேனேஜர் மறுபடி பீல் பண்ணினால், சாவி தையல்காரியிடம் இருக்கிறது என்று சொல்லலாம்.

எழிலரசி


அரக்கோணம்,
5 ஜனவரி 2025

எழில்,

நீங்கள் சொன்னபடியே அமைத்துவிட்டேன். நிஷா போனில் சாவியைப் போட அரை நாள் ஆனது. முதலில் அவருக்குச் சொந்தமாக ஓர் ஐடி போட்டோம். “என் பேரே வருமா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

நான்கு பேரின் உறைகளும் மோகனா எழுதியவற்றின் உறைகளும் உமர் ஃபாரூக்குக்குப் போய்விட்டன. மேனேஜரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வராதவர்களின் மடல்களைப் பற்றி வக்கீல் கவலைப்படவில்லை. அவை சின்னப் புகார்கள், குற்றப்பத்திரிகை நிற்பது ஆகஸ்ட் மடலில்தான் என்றார். கட்டைவிரல் மடல். அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு சாவிப் பூட்டைப் போடும் முன் எல்லா உறைகளையும் நான் பார்த்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அது மோகனாவின் போன் இல்லை. அந்த நான்கு பேரின் போனும் இல்லை. அந்த ஒரு தாளைச் சேர்த்தால் மோகனா சுத்தமாக வெளியே வந்துவிடுவார். இல்லாவிட்டால் அது அவர் தலையில்தான் நிற்கும்.

அது எந்தப் போன் என்று சொல்லட்டுமா? உங்களுக்கு மட்டும்?

கார்முகிலன்


ஆம்பூர்,
12 ஜனவரி 2025

கார்முகிலன்,

உங்கள் கடைசிக் கேள்வியை நான் மோகனாவிடம் கேட்டேன். அவள் பெயர், அவள் வேலை. நானோ நீங்களோ பதில் சொல்ல என்ன இருக்கிறது?

சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி முழுக்க வடிந்ததும் பானையை நிமிர்த்திவிட்டுச் சொன்னாள்.

“வந்து சொல்லாதவ யாருன்னு எனக்கு எதுக்கு? அவ வூட்டுல இன்னா பேஜாரோ. அன்னிக்கி அந்தப் பொண்ண ஒரு பக்கம் நானும் தூக்கினேன். கட்டைவெரல்ல மை இருந்தத நானும் பாத்தேன். நான் எழுதல. ஏன் எழுதலன்னு இத்தினி நாளா யோசிக்கறேன்.”

10-ஆம் தேதி உமர் ஃபாரூக் கொடுத்த உறைகளை மோகனா அந்த அதிகாரி முன்னால் வைத்தாள். வேறு வழியில்லாமல் வாங்கினான். நான்கு பேர் மடல்களும் அவள் கணக்கிலிருந்து போயின. அந்த நான்கு பேருக்கும் மறுநாளே மெமோ வந்துவிட்டது. அதுவும் தெரிந்துதான் போனார்கள். பிறகு ஆகஸ்ட் மடலை எடுத்தான்.

“இதுக்கு உறை எங்க?”

“வேணாம் சார். அது என்னுது.”

“போன விசாரணைல இல்லன்ன?”

“ஐடி யாருதோ அவங்க எழுதினதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? என் ஐடி. எழுதிக்கோங்க. அதுல இருக்கறது பொய்யின்னா, பொய்யின்னும் எழுதுங்க. அந்தப் பொண்ணக் கூப்ட்டு வெச்சிக் கேட்டுட்டு எழுதுங்க.”

பேனா நின்றுவிட்டதாம். ஹெச்.ஆர். மேடம் ஏதோ காதில் சொன்னார். தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்துவிட்டார்கள். மோகனா இன்னும் வெளியேதான் இருக்கிறாள். வேலை கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மயங்கிய பெண்ணைத் தேடி அரக்கோணம் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் போயிருக்கிறார்கள். எங்கள் ஆளா அவர்கள் ஆளா, யார் முதலில் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் அந்த ஊரில்தான் இருக்கிறீர்கள். போய்ப் பாருங்கள்.

எழுதியது எந்தப் போனில் என்பது இப்போது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். எழுதியவளுக்கு, உங்களுக்கு. பார்த்ததை நீங்கள் பார்க்காததாக ஆக்கிக்கொள்ள முடியாது, அதனால் என் சந்தேகமும் தீராது. என்னிடமும் சொல்லாதீர்கள்.

காப்பகத்தில் அந்த நான்கு பேர் மடல்களுக்கு மேல் அவரவர் பெயரைப் போடச் சொன்னார்கள், போடுங்கள். ஆகஸ்ட் மடலுக்கு மேல் மட்டும் அனுப்பியவர் மோகனா என்றே இருக்க வேண்டுமாம். அவளே சொன்னாள். மாற்றிவிடாதீர்கள். நான் தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழிலரசி